பதில்: சின்ன கரி கிரில்லில் ஸ்டேக் (தடிமனான மாட்டிறைச்சித் துண்டு) வெளியே நிறம் வராமல் உள்ளே வெந்துவிடுகிறது

கரியை அடி முழுக்கப் பரப்பியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். சின்ன கிரில்லில் அப்படிப் பரப்பினால் எந்த இடத்திலும் போதிய சூடு இருக்காது. எல்லாவற்றையும் ஒரு பக்கமாகக் குவியுங்கள், கம்பி வலைக்கு நாலைந்து விரல் கீழே வரை. மறுபக்கம் காலி. அடிக் காற்றுத் துளை முழுசாகத் திறந்திருக்கட்டும். கரிமேல் வெள்ளைச் சாம்பல் படிந்தபிறகே இறைச்சி. நானும் முன்பு அவசரப்பட்டுப் புகை நாற்றத்தோடு சாப்பிட்டவன்தான்.

இறைச்சியின் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே போய்விடும். கரிக்கு மேலே வைத்து, நிறம் வரும்வரை மூடாமல் அடிக்கடி புரட்டுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், காலிப் பக்கம் நகர்த்தினால் போதும். நிறம் வந்தபிறகு காலிப் பக்கத்தில் மூடிவைத்து, உள்ளே 52 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்தால் நடுவில் சிவப்பு மிஞ்சும்.