அந்தக் கடிதத்தை ஏன் எழுதினீர்கள், மாஸ்டர்?

கேள்வி:

ஐயா, தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் 11 வருடமாக உதைபந்தாட்டம் பழக்குகிறேன். ஆசிரியர் நியமனம் இல்லை. பழைய மாணவர் சங்கம் மாதாமாதம் தரும் அலவன்ஸ்தான். போன மாதம் நாவலப்பிட்டியில் போட்டி முடிந்து ஹயர் பஸ்ஸில் திரும்பினோம். ஹட்டன் பஸ் நிலையத்தில் பையன்கள் தேநீர் குடிக்க இறங்கியபோது எங்கள் கோல்காப்பாளருக்கும் எதிரணிப் பையன் ஒருவனுக்கும் கைகலப்பு. அவனுக்கு முன்பற்கள் இரண்டு உடைந்துவிட்டன. எங்கள் பையனுக்கு 19 வயது, தகப்பன் இல்லை, தாய் கொழுந்து பறித்துத்தான் வளர்த்தார். மைதானத்தில் அவனைச் சாதி சொல்லித் திட்டியதாகச் சொல்கிறான். அதை யாரும் விசாரிக்கவில்லை. மற்றத் தரப்புக்கு அரசியல் செல்வாக்கு இருக்கிறது. அதிபர் கேட்டதால், பையன் இரவு 8 மணி வரை என்னுடன் பஸ்ஸில் இருந்தான் என்று கல்லூரிக் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தேன். உண்மையில் நான் கினிகத்தேனையிலேயே இறங்கிவிட்டேன், சொந்தத்தில் ஒரு விசேஷம். பிறகு தோட்டத் தலைவரோடு அடிபட்ட பையன் வீட்டுக்கும் போய் 50,000 ரூபா தருகிறோம் என்று பேசினோம், அவர்கள் வாங்கவில்லை. பையனுக்குப் பிணை நின்றவர்களில் நானும் ஒருவன். இப்போது பொலிஸ் என்னை மறுபடியும் வரச் சொல்கிறது. அவன் செய்ததற்கு நான் பொறுப்பா? அடுத்த சனிக்கிழமைப் போட்டியில் அவனை இறக்கலாமா?

பதில்:

உங்கள் கடிதம் ஐந்து பக்கம். தாயின் கஷ்டம், மற்றத் தரப்பின் செல்வாக்கு, 11 வருடமாக மழையிலும் பனியிலும் நீங்கள் பட்டபாடு, எல்லாவற்றையும் வாசித்தேன். நீதிமன்றம் வாசிக்கப்போவது நாலாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரே ஒரு வரியைத்தான்: 'கல்லூரிக் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தேன்.'

கேட்ட கேள்விக்கு முதலில் சுருக்கமாகப் பதில். அவன் அடித்ததற்காக உங்களைக் குற்றவாளியாக்க முடியாது. குற்றவியல் சட்டத்தில் ஒருவன் கை செய்ததற்கு இன்னொருவன் தலை போவதில்லை. நீங்கள் தூண்டிவிட்டிருக்க வேண்டும், அல்லது கூட நின்று ஒரே எண்ணத்தோடு செயற்பட்டிருக்க வேண்டும். நீங்களோ அப்போது கினிகத்தேனையில் விருந்துச் சாப்பாட்டில் இருந்திருக்கிறீர்கள். பயிற்றுநர் என்ற பதவி மட்டும் உங்களை எதிரியாக்காது.

சாதி சொல்லித் திட்டினார்களா என்பது பையனின் வழக்கில் தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது அவனுடைய சட்டத்தரணி எடுத்துச் சொல்லக்கூடிய விஷயம். உங்கள் வழக்கில் அதற்கு வேலையில்லை. அரசியல் செல்வாக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மலையகத்தில் இரண்டு தரப்புக்கும் யாரோ ஒரு தலைவரைத் தெரியும்.

இனி அந்தக் கடிதம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் இயற்றப்பட்டு, 1885இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 198ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தும், செய்தவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தோடு சாட்சியத்தை மறைத்தாலோ, பொய்யான தகவல் கொடுத்தாலோ, அது தனிக்குற்றம். பையன் விடுதலையானால் உங்கள் பொய்யும் தானாக உண்மையாகிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். பையனுக்குத் தண்டனை கிடைத்தால்தான் உங்களுக்கும் வரும் என்றும் கணக்குப் போட வேண்டாம்.

'அதிபர் சொன்னார், எழுதினேன்' என்பது பதிலாகாது. கையெழுத்து உங்களுடையது. அதிபர் எப்படிக் கேட்டார், வாயால் கேட்டாரா, எழுத்தில் கேட்டாரா என்பது அவருடைய தலைவலி. அந்தத் தலைவலி வரும்போது அவர் உங்களை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்றைக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தக் கடிதம் பையனைக் காப்பாற்ற எழுதியதா, உங்களைக் காப்பாற்ற எழுதியதா? 'என்னுடன் பஸ்ஸில் இருந்தான்' என்ற வசனத்தில் இரண்டு பொய் இருக்கிறது. அவன் பஸ்ஸில் இருந்தது ஒன்று. நீங்கள் பஸ்ஸில் இருந்தது இன்னொன்று. குறுக்கு விசாரணை செய்யும் சட்டத்தரணி முதற்பொய்யை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் பிடிப்பார். அதை உடைக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். பஸ் சாரதி இருக்கிறார். விசேஷ வீட்டில் எடுத்த படம் யாராவது ஒருவரின் பேஸ்புக்கில் இருக்கும். உங்கள் கைத்தொலைபேசி எந்தக் கோபுரத்தில் இருந்தது என்பதை நீதிமன்றக் கட்டளையோடு எடுக்கலாம். ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றிக் கமரா வைத்த கடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

பல் உடைந்தது சின்ன விஷயம் என்று நினைத்திருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் அப்படியில்லை. 311ஆம் பிரிவில் பாரதூரமான காயங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. பல் உடைவது அதற்குள் வருகிறது. சட்ட வைத்திய அதிகாரி அப்படிக் குறித்துவிட்டால் விஷயம் சாதாரண அடிதடியிலிருந்து 316ஆம் பிரிவுக்கு ஏறும், 7 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. இரத்தம் அதிகம் கொட்டிய வெட்டுக்காயம் சில வேளை சாதாரண காயமாக முடிந்துவிடும். இரத்தமே இல்லாத ஒரு பல் பெரிய வழக்காகிவிடும். பையன்களுக்கு இது தெரியாது. பயிற்றுநர்களுக்கும் தெரிவதில்லை.

அடுத்தது நீங்கள் அந்த வீட்டுக்குப் போனது. என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் அகப்படுகிற குழி இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் சண்டை வந்தால் தலைவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு பையில் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, லயத்து வாசலில் போய் நிற்பது மரியாதை. 'நடந்தது நடந்துவிட்டது, பிள்ளைகள் விஷயம், பெரிதாக்க வேண்டாம்' என்பது பெரியமனிதத் தன்மை. அதே வாசகம் வாக்குமூலத்தில் எப்படி எழுதப்படுகிறது தெரியுமா? 'சந்தேக நபரின் பயிற்றுநரும் தொழிற்சங்கத் தலைவரும் இரவில் வீட்டுக்கு வந்து முறைப்பாட்டை வாபஸ் வாங்குமாறு வற்புறுத்தினர்.' பழப்பை அதில் வராது.

பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கான சட்டம் முதலில் 2015இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். முறைப்பாட்டாளரையோ சாட்சியையோ பயமுறுத்துவதும், முறைப்பாட்டிலிருந்து விலகச் செய்ய முயல்வதும் அதில் பாரிய குற்றம். பிணையும் இலகுவில் வராது. இதை எப்போதும் சொல்லிக்கொண்டேயிருக்கிறேன்: அடித்தவன் சாயங்காலம் பிணையில் வீட்டில் இருப்பான், சமாதானம் பேசப் போனவர் விளக்கமறியலில் இருப்பார். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கரப்பந்தாட்டப் பயிற்றுநருக்கு அதுதான் நடந்தது. சண்டையோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று தடவை போய்ப் பேசினார், அவ்வளவுதான். மூன்றாவது தடவை அந்தப் பையனின் அக்கா போனில் பதிவு செய்துவிட்டார். பதிவில் கேட்டது மிரட்டலே இல்லை. 'ஊரில் இருக்க வேண்டியவர்கள் நீங்களும்தானே' என்று ஒரு வாசகம். அதை அன்பாகவும் சொல்லலாம், வேறு மாதிரியும் சொல்லலாம். பதிவில் குரல் மட்டும்தான் இருக்கும், முகம் இருக்காது.

அதனால் இனி அந்த வீட்டுப் படி ஏற வேண்டாம். தலைவரையும் அனுப்ப வேண்டாம், கோயில் கமிட்டியையும் அனுப்ப வேண்டாம். பையனின் அம்மா அழுதுகொண்டே போய் அவர்கள் காலில் விழுந்தாலும் அது உங்கள் ஏற்பாடு என்றுதான் எழுதப்படும். முறைப்பாட்டாளர் நினைத்தால் வழக்கை நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். வழக்கை நடத்துவது பொலிஸ், அவரல்ல. குற்றத்தை மூடிவிடப் பணம் கொடுப்பதும், வாங்குவதும்கூடச் சட்டக்கோவையில் குற்றமாகவே இருக்கிறது. அவர்கள் அந்த 50,000 ரூபாவை வாங்காதது உங்கள் அதிர்ஷ்டம்.

அணியின் வட்ஸ்அப் குழுவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எழுதாததால்தான் கேட்கிறேன். 'எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள்' என்ற அர்த்தத்தில் ஏதாவது அதில் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் அழிக்க வேண்டாம். 22 பையன்கள் இருக்கும் குழுவில் நீங்கள் அழிப்பது உங்கள் போனில் மட்டும்தான், ஸ்கிரீன்ஷொட் எப்போதோ எங்கேயோ போயிருக்கும். அழித்ததே இன்னொரு சாட்சியமாகும்.

இப்போது பொலிஸ் மறுபடியும் வரச் சொல்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் முதலாவது வாக்குமூலம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் என்ன சொன்னீர்கள்? அது எந்த மொழியில் எழுதப்பட்டது? சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, 'விளங்கியது' என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பாதிதான் விளங்கியிருக்கும். தமிழில் சொல்லவும், அது தமிழில் எழுதப்பட வேண்டுமென்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருங்கள். நேரம் போகிறது என்று அவசரப்பட்டு எழுத்து விளங்காத தாளில் கையெழுத்து வைத்தவர்களை நான் நுவரெலியாவிலும் பதுளையிலும் நிறையவே பார்த்திருக்கிறேன்.

தனியாகப் போக வேண்டாம், சட்டத்தரணியோடு போங்கள். இன்றிரவே உட்கார்ந்து 'முதல் கடிதம் தவறு' என்று இன்னொரு கடிதம் எழுதிப் பொறுப்பதிகாரிக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஒரு கடிதத்தால் மாட்டியவர்கள் எல்லோரும் இரண்டாவது கடிதத்தால் தப்பலாம் என்றுதான் நினைக்கிறார்கள். பொய்யைத் திருத்தத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. அதுவும் சீக்கிரம், வழக்கு தாக்கலாவதற்கு முன். ஆனால் எந்தச் சொற்களில், மேலதிக வாக்குமூலமாகவா வேறு விதமாகவா என்பதை உங்கள் சட்டத்தரணி முடிவு செய்யட்டும். திருத்தியதால் குற்றம் இல்லாமல் போய்விடும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் தானாக வந்து திருத்திய சாட்சிக்கும், சாட்சிக் கூண்டில் பிடிபட்ட சாட்சிக்கும் நீதவான் காட்டும் முகம் வேறு வேறு.

இதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நீங்கள் பஸ்ஸில் இல்லை என்பது வெளியே வரும். அணியைக் கப்டன் பையன் கையில் விட்டுவிட்டு இறங்கியவர் என்ற பேர் வரும். கல்லூரி உங்களை நிறுத்தலாம். அடிபட்ட பையனின் பெற்றோர் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்கும் போடலாம். நம் நாட்டில் அது உரோம-டச்சுச் சட்டத்தின் கவனக்குறைவுக் கொள்கையில் வரும், சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதில் கேட்கப்படுவது ஒன்றே: சண்டை வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா? மைதானத்திலேயே வாய்த்தகராறு நடந்ததை நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தும் ஹட்டனில் எதிரணியோடு ஒன்றாக இறங்கும்படி விட்டுப் போனீர்கள் என்பது வாதம். அரசாங்கப் பாடசாலையில் அரச ஊழியரின் தவறுக்கு அரசைப் பொறுப்பாக்க 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் நீங்கள் அரச ஊழியர் இல்லையே. அலவன்ஸ் தருவது பழைய மாணவர் சங்கம். 'இவர் எங்கள் ஆள் இல்லை' என்று திணைக்களம் சொல்லும். சங்கமும் அதைத்தான் சொல்லும். 11 வருடத்தில் ஒரு நியமனக் கடிதம்கூட வாங்காமல் இருந்திருக்கிறீர்கள் என்றால், அதையும் சட்டத்தரணியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆனாலும் குடியியல் வழக்கில் போவது பணம். 198இல் போவது நீங்கள். எதைக் காப்பாற்றுவது என்று யோசிக்க அதிக நேரம் தேவையில்லை.

பையன் தரப்புக்கு என் யோசனை வெளிப்படையானது: முடித்துக்கொள்ளட்டும். வீம்பு வேண்டாம். ஆனால் முடிப்பது நீங்களல்ல, அவனுடைய சட்டத்தரணி. சாதாரண காயமாக இருந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. பாரதூரமான காயமாகப் பதிந்தாலும், எந்தப் பிரிவில் குற்றப்பத்திரம் வருகிறது என்று பார்த்து, மன்றத்தின் முன்னிலையில் பல் வைத்தியச் செலவையும் நட்டஈட்டையும் ஒப்புக்கொண்டால் தண்டனை ஒத்திவைக்கப்பட்ட சிறையாகவோ அதற்கும் குறைவாகவோ முடியலாம். 19 வயதுப் பையனுக்கு முதற்குற்றம். உயர்தரம் எழுதப்போகிறவனுக்கு அது பெரிய காரியம். பழைய மாணவர் சங்கம் உதவுவதாக இருந்தால் பணத்தைத் தாய் கையில் கொடுக்கட்டும். அடிபட்டவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பிணை விஷயம். நீங்கள் பிணையாளர், அதே வழக்கில் சாட்சியாகவும் வரப்போகிறீர்கள். இது நல்ல பொருத்தம் இல்லை. அவன் கொழும்பில் கடை வேலைக்கு என்று போய் ஒரு தவணையைத் தவறவிட்டால், பிடியாணை அவனுக்கு, பிணைத்தொகை உங்களுக்கு. தாய்மாமனோ சித்தப்பாவோ முன்வந்தால் மன்றத்தில் விண்ணப்பித்துப் பிணையாளரை மாற்றச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை அவனை இறக்க வேண்டாம். எதிரணி அதே கல்லூரி என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அடிபட்ட பையன் மைதானத்தில் இருப்பான், அவன் தாயும் இருக்கலாம், யாராவது ஒருவர் போனை நீட்டிக்கொண்டு நிற்பார். இரண்டாவது கோல்காப்பாளரை இறக்குங்கள். போய்வரும் பஸ்ஸில் கடைசிப் பையன் இறங்கும்வரை நீங்களும் இருங்கள்.