தனக்குத்தானே பேசிகினே இருக்கான், தெரபிய நிறுத்திடலாமா?

கேள்வி: பையனுக்கு ஏழு வயசு, ரெண்டாவது படிக்கறான். பேச்சு லேட்டா வந்ததால காட்பாடிக்கு ஸ்பீச் தெரபிக்கு கூட்டிகினு போறேன், இப்ப நல்லாவே பேசறான். ஆனா "ஷூவ கழட்டி வெச்சிட்டு, கை கழுவிட்டு, டிபன் பாக்ஸ எடுத்துகினு வா"ன்னா ஷூவோடவே நிக்கறான். தெரபிஸ்ட் இப்ப உச்சரிப்ப விட்டுட்டு விளையாட்டு, பட அட்டைன்னு பண்றாங்க. பேச வெக்கத்தானே காசு கட்றோம்னு வீட்டுக்காரர் கேக்கறாரு. தனியா முணுமுணுன்னு வேற பேசிக்கறான், மாமியாருக்கு ஒரே பயம். நிறுத்திடலாமா?
- ஒரு அம்மா, குடியாத்தம்

பதில்: நிறுத்தாதீங்கம்மா. உங்க தெரபிஸ்ட் செய்யறதும் பேச்சு வேலைதான். சொன்னத மனசுல பிடிச்சு வெக்கறது, அவசரத்த அடக்கறது, ஒரு வேலைலேந்து இன்னொண்ணுக்கு மாறறது, இதையெல்லாம் சேத்துதான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்னு சொல்றாங்க, இதுக்கும் மொழிக்கும் நெருக்கமான சம்பந்தம் இருக்கு, அதனால பேச்சு லேட்டான பிள்ளைங்க நிறைய பேருக்கு இதுவும் தடுமாறும். நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளைப்பகுதிக்கு இதுல பெரிய பங்கு, அது 25 வயசு வாக்குல வரைக்கும் வளந்துகினே இருக்கும். மூணு வேலைய ஒரே மூச்சுல சொன்னா அவன் ஷூவோடவே நிக்கறது கொழுப்பு இல்லம்மா, தயவுசெஞ்சு அதுக்காக அடிக்காதீங்க.

முணுமுணுப்புக்கு மாமியார் பயப்படவே வேணாம். 1934-ல காலமான ரஷ்ய உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி இத அழகா விளக்கியிருக்காரு, குழந்தைங்க மொதல்ல வாய்விட்டு தனக்குத்தானே சொல்லிகினு வேல செய்யும், வளர வளர அந்தப் பேச்சே உள்ள போயி யோசனையாயிடும். "மொத ஷூ, அப்பறம் கை"ன்னு அவன் சொல்லிகினே செஞ்சா விட்டுடுங்க, நீங்களும் சமைக்கறப்ப "உப்பு போட்டாச்சு, இப்ப பருப்ப எறக்கணும்"னு சத்தமா சொல்லிகினே செய்யுங்க, பாத்து கத்துக்குவான். ஆனா செய்யற வேலைக்கு சம்பந்தமே இல்லாம டிவி வசனத்தையே திரும்பத் திரும்ப சொல்லிகினு, கூப்ட்டாலும் திரும்பலன்னா அத தெரபிஸ்ட் கிட்ட சொல்லிடணும். காது டெஸ்ட் எடுத்திருக்கீங்களான்னு நீங்க எழுதல, எடுக்கலன்னா அதத்தான் மொதல்ல பாக்கணும்.

வீட்ல ஒண்ணு செய்யுங்க. அவன் பேக், தண்ணி பாட்டில், ஐடி கார்டோட ரெடியா நிக்கறப்ப போன்ல ஒரு போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு கதவு பக்கத்துல ஒட்டிடுங்க. காலைல "கெளம்பு கெளம்பு"ன்னு கத்தாம, "இந்த போட்டோல இருக்கறமாதிரி ஆவணும்னா இன்னும் இன்னா பாக்கி?"ன்னு கேளுங்க. நீங்க வரிசையா உத்தரவு போட்டா யோசிக்கற வேலைய நீங்களே செஞ்சிடறீங்க, கேட்டீங்கன்னா அவன் யோசிச்சுத்தான் ஆகணும். மொதல்ல பதில் வர நேரமாகும், பொறுத்து நில்லுங்க.

சாயங்காலம் "கொக்கு பற பற" விளையாடுங்க, காக்கா பற பறன்னா கைய தூக்கணும், எரும பற பறன்னா தூக்கக்கூடாது, தூக்கப்போன கைய அடக்கறான் பாருங்க, அதே பயிற்சியத்தான் தெரபி ரூம்லயும் அட்டைய வெச்சிகினு குடுக்கறாங்க. மாமியாருக்கு பல்லாங்குழி தெரியும்னா அவங்களையே பேரனோட உக்கார வைங்க.

வீட்டுக்காரர ஒரு தடவ தெரபி ரூமுக்குள்ளயே கூட்டிகினு போயி முழுசா பாக்க வைங்க, கடைசி பத்து நிமிஷம் வீட்ல இன்னா செய்யணும்னு கத்துக்குடுக்க சொல்லி கேளுங்க. காசுதான் நெருக்கடின்னா வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில குழந்தைங்களுக்கான ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துல விசாரிங்க, 2013-ல வந்த ஆர்.பி.எஸ்.கே.ங்கற மத்திய அரசோட குழந்தைங்க உடல்நலத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் இலவசமா பாக்கறாங்க, போறப்ப பழைய தெரபி ரிப்போர்ட்ட மறக்காம எடுத்துகினு போங்க.