லண்டன் கேட்டில் கைச் சிப்: கேள்வி பதில்

கைத்தோலுக்கடியில் பதித்த கான்டாக்ட்லெஸ் (தட்டினாலே பணம் கட்டும்) கட்டணச் சிப்பை லண்டன் பஸ்ஸிலும் டியூப் என்ற சுரங்க ரயிலிலும் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லிடம் தனி அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம். பஸ்ஸில் 2012 டிசம்பரிலும் டியூபில் 2014 செப்டம்பரிலும் வந்த அதே கான்டாக்ட்லெஸ் வசதிதான். மஞ்சள் ரீடரைப் பொறுத்தவரை உங்கள் சிப் இன்னொரு வங்கிக் கார்டு.

அண்ணா, எந்தக் கையில் வைப்பது நல்லது?

வலது கையில், சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில். டியூப் கேட்டில் ரீடர் வலப்பக்கம் இருக்கிறது. இடது கையில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் உடம்பைத் திருப்ப வேண்டும். வாலட்மோர் என்ற நிறுவனத்தின் பதிக்கும் கட்டணச் சிப் 28 மி.மீ. நீளம், 7 மி.மீ. அகலம், தடிமன் அரை மி.மீ. கூட இல்லை. அதன் தட்டையான ஆன்டெனா ரீடர் முகத்துக்கு இணையாகப் படிந்தால்தான் மின்சாரம் ஏறும். அதனால் கையை லேசாக மடக்கி, சுண்டுவிரல் ஓரத்தை ரீடர் மேல் அழுத்தி வையுங்கள், பச்சை வரும்வரை எடுக்காதீர்கள். வீசிவிட்டுப் போனால் படிக்காது. ஊசியில் போடும் கண்ணாடிக் குழாய்ச் சிப்பைக் கட்டணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; அதன் சுருள் ரொம்பச் சின்னது.

போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. கடையில் எடுக்கிறது, கேட்டில் பாதி நேரம் சிவப்பு. சிப் பழுதா?

பழுதாக இருந்தால் கடையிலும் எடுத்திருக்காது. வீக்கம் சிப்பை ரீடரிடமிருந்து தள்ளி வைக்கிறது. மில்லிமீட்டர் கணக்கில் படிக்கும் பொருளுக்கு அதுவே பெரிய தூரம். கடை மெஷின் பொறுமையாகக் காத்திருக்கும். கேட் ரீடரோ அரை வினாடிக்குள் வேலையை முடிக்கும்படி அமைக்கப்பட்டது, நடுவில் கை அசைந்தால் பேச்சு அறுந்துவிடும். வீக்கம் வடிய இரண்டு முதல் நான்கு வாரம் கொடுங்கள். சிவந்து, சுட்டு, சீழ் வைத்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உள்ளே போகும்போது கையைத் தட்டினேன், வெளியே வரும்போது கை எடுக்காததால் அதே கணக்கின் பிளாஸ்டிக் கார்டைத் தட்டினேன். இரண்டு தடவை அதிகபட்சக் கட்டணம் போய்விட்டது!

கணக்கு ஒன்றாக இருந்தாலும் சிப்புக்குத் தனி எண், கார்டுக்குத் தனி எண். டிஎஃப்எல் எண்ணைத்தான் பார்க்கிறது. அதன் கண்ணில் இது முடிவடையாத இரண்டு பயணம். தினசரி உச்சவரம்பு, திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வார உச்சவரம்பு, ஒரு மணி நேரத்துக்குள் பஸ் மாறும் ஹாப்பர் சலுகை எல்லாமே ஓர் எண்ணுக்குத்தான் கணக்காகும். கையால் தொடங்கிய நாளைக் கையாலேயே முடியுங்கள். கேட் எடுக்காவிட்டால் ஊழியரைக் கூப்பிடுங்கள், பாக்கெட்டில் கை போகவே கூடாது. போன பணத்துக்கு, சிப்பின் எண்ணை டிஎஃப்எல் கணக்கில் சேர்த்து, விடுபட்ட பயணத்தைக் காட்டித் திரும்பக் கேளுங்கள்.

பஸ்ஸில் இறங்கும்போதும் தட்டணுமா?

ஏறும்போது மட்டும்.

ஸ்மார்ட் வாட்சும் அதே கையில்தான். பிரச்சினை வருமா?

வரும். திறக்காமலே பணம் கட்டும் எக்ஸ்பிரஸ் முறை போட்டிருந்தால் ரீடர் பக்கத்தில் போனதும் வாட்ச் தானாக விழித்துக்கொள்ளும். ரீடர் இரண்டையும் மறுக்கலாம், அல்லது வாட்சில் பணம் எடுக்கலாம். வாட்சை மறு கைக்கு மாற்றுங்கள்.

நேற்றுவரை ஓடியது, இன்று எல்லா கேட்டிலும் சிவப்பு. கடையிலும் இல்லை.

முதலில் சிப்போடு இணைத்த வாலட் செயலியில் மீதிப் பணத்தைப் பாருங்கள். கேட் அந்த நொடியில் வங்கியைக் கேட்பதில்லை. சிப்பின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து, மறுப்புப் பட்டியலில் எண் இல்லையென்றால் திறக்கும். பணம் பிறகுதான் எடுக்கப்படும். அப்போது மீதி இல்லாவிட்டால் எண் அந்தப் பட்டியலில் ஏறிவிடும். பணம் போட்டு, டிஎஃப்எல் கணக்கில் நிலுவையையும் கட்டிவிடுங்கள்.

கடையில் திடீரென்று "கார்டைச் செருகவும்" என்கிறது. எதைச் செருக?

ரகசிய எண் (PIN) இல்லாமல் தொடர்ந்து தட்டினால் ஒரு கட்டத்தில் வங்கி அந்த எண்ணைக் கேட்கும். பிரிட்டன் கடைகளில் அதற்குக் கார்டைச் செருக வேண்டும்; கைச் சிப்பில் அதற்கு வழியே இல்லை. ஆளில்லாப் போக்குவரத்துக் கேட்டுகளுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. அதனால் பயணத்துக்குக் கைச் சிப்பை நம்பலாம், கடைக்கு ஒரு கார்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பயணக் கார்டான ஆய்ஸ்டரை அசிட்டோனில் ஊறவைத்துச் சிப்பை எடுத்துப் பதிக்கலாமா?

வேண்டாம். ஆன்டெனா கார்டின் பிளாஸ்டிக்குக்குள் சுற்றி ஓடுகிறது. சிப்பைப் பிரித்தால் 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு ஒத்திசைத்த புதுச் சுருள் வேண்டும், உடம்புக்கு ஒவ்வும் பூச்சும் வேண்டும். சட்டச் சிக்கலும் உண்டு: சிட்னியில் ஓப்பல் என்ற பயணக் கார்டின் சிப்பைக் கையில் பதித்தவரின் கார்டு ரத்தானது, 2018இல் 220 டாலர் அபராதமும் விழுந்தது. மேல்முறையீட்டில் தண்டனை நீங்கினாலும் வழக்குச் செலவு அவர் தலையில்தான்.

பதிப்பதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

காலாவதித் தேதியை. உள்ளே போன சிப்பைப் புதுப்பிக்க முடியாது. தேதி முடிந்தால் மறுபடியும் கீறல்தான். பிறகு, கிருமிநீக்கிய உறையைப் பிரிக்காமலேயே சிப்பைச் செயலியில் இணைத்து, ஐந்து பவுண்டு போட்டு, உறையோடு கடை மெஷினிலும் பஸ் ரீடரிலும் தட்டிப் பாருங்கள். உறைக்குள்ளேயே தடுமாறும் சிப் தோலுக்கடியில் இன்னும் மோசமாகத்தான் நடந்துகொள்ளும். அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.