எத்தனை பேர் வருவார்கள்? குடிபெயர்வு முன்கணிப்பு பற்றிக் கேள்வி பதில்

கதிர்: 2004-ல் பிரிட்டன் போட்ட கணக்கு ஏன் அவ்வளவு தப்பாகப் போனது, மேடம்?

அந்த ஆண்டு மே 1-ல் போலந்து உள்ளிட்ட 8 கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. பிரிட்டன் உள்துறைக்காக முன்பே செய்த ஆய்வு, ஆண்டுக்கு நிகரமாக (வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்து) 5,000 முதல் 13,000 பேர் வரை வருவார்கள் என்றது. 2006 ஜூனுக்குள், இந்த நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களைப் பதிவு செய்த வேலைப் பதிவுத் திட்டத்தில் மட்டும் சுமார் 4,27,000 பேர் அனுமதி பெற்றுவிட்டார்கள். பதிவில் திரும்பிப் போனவர்கள் கழிக்கப்படுவதில்லை. அதனால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. அதைக் கழித்துப் பார்த்தாலும் தவறு மிகப் பெரியது.

காரணங்கள் இரண்டு. மற்ற பெரிய நாடுகளும் இவர்கள் வேலைக்கு வரக் கதவைத் திறக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. கடைசியில் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டுமே முதல் நாளிலிருந்து திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை மூடியே வைத்திருந்தன. அடுத்தது, அந்த நாடுகளிலிருந்து பிரிட்டனுக்குத் தடையில்லாமல் ஆட்கள் வந்த வரலாறே அதற்கு முன் இல்லை. வேறு நாடுகளின் பழைய தரவில் பழகிய சமன்பாட்டை இங்கே பொருத்தினார்கள். என் பார்வையில் சமன்பாட்டை விடப் பெரிய குறை, எண் பரவியபோது அனுமானம் கூடவே பரவாதது. "ஜெர்மனி திறந்தால் இவ்வளவு, திறக்காவிட்டால் இவ்வளவு" என்று இரண்டு வரிசை எண்கள் அமைச்சரின் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.

செல்வி, புள்ளியியல் முதுகலை: 20 ஆண்டுத் தரவு கையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, அக்கா?

எளிய கணித மாதிரியிலிருந்தே தொடங்குங்கள். ஆண்டு எண்ணிக்கைக்கு இயல் மடக்கை (ln) எடுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளின் வேறுபாட்டைக் கண்டு அதன் திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) கணக்கிடுங்கள். அது 0.25 என்றும் இந்த ஆண்டு வருகை 10,000 என்றும் வைத்துக்கொள்வோம். "அடுத்த ஆண்டும் இதே அளவு" என்பதை நடு மதிப்பாகக் கொண்டால், 80% வரம்புக்கு (பத்தில் எட்டு முறை உண்மை மதிப்பு விழும் எல்லைக்கு) உரிய 1.28-ஐ 0.25-ஆல் பெருக்க 0.32 வரும். மடக்கையிலிருந்து திரும்பினால் 7,300 முதல் 13,800 வரை. நான்காண்டு தள்ளிப் பார்த்தால் விலக்கம் 4-இன் வர்க்கமூலத்தால், அதாவது இரண்டால் பெருகி 0.5 ஆகிவிடும், வரம்பு 5,300 முதல் 19,000 வரை விரியும். இவ்வளவு அகலமா என்று மிரளாதீர்கள். குடிபெயர்வின் இயல்பே அதுதான். பிறப்பு, இறப்பு விகிதங்கள் இப்படித் துள்ளுவதில்லை.

அடுத்து பின்னோக்கிச் சோதனை. முதல் 12 ஆண்டுகளை மட்டும் வைத்து 13-ஆம் ஆண்டைக் கணியுங்கள். பிறகு 13 ஆண்டுகளை வைத்து 14-ஐ. இப்படியே 20 வரை. கிடைக்கும் 8 கணிப்புகளில் 6 அல்லது 7 உண்மை மதிப்புகளாவது வரம்புக்குள் விழ வேண்டும். நாலுதான் விழுந்தது என்றால் உங்கள் வரம்பு குறுகல். கூலி வேறுபாடு, தூரம், மக்கள்தொகை எல்லாம் சேர்த்த பெரிய மாதிரியைப் பிறகு கட்டலாம். ஆனால் அது இந்த எளிய மாதிரியை இதே சோதனையில் வெல்லாவிட்டால் பயன்படுத்த வேண்டாம். அந்தக் காரணிகள் எந்த நாட்டிலிருந்து அதிகம் வருகிறார்கள் என்பதை நன்றாக விளக்கும். எந்த ஆண்டில் கூடும் என்பதைச் சொல்வதில்தான் சறுக்கும். தூரம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லையே.

முரளி: எங்கள் அதிகாரி வரம்பைப் பார்க்கவே மாட்டார், "ஒரே எண் சொல்லுங்க" என்கிறார்.

சொல்லுங்கள், ஆனால் சராசரியைச் சொல்லாதீர்கள். முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: வருவோருக்கான தங்குமிடத்தில் ஓர் இடம் குறைந்தால் ஆகும் செலவு, ஓர் இடம் காலியாகக் கிடந்தால் ஆகும் செலவைப் போல் எத்தனை மடங்கு? அவசரமாக ஓட்டல் அறை பிடிப்பது 4 மடங்கு என்றால், 4-ஐ 4+1-ஆல் வகுங்கள்: 0.8. பரவலின் 80-ஆம் சதமானம்தான், அதாவது நூற்றில் 80 முறை வருகை தாண்டாத எண்தான், அவருக்கான எண். மேலே சொன்ன உதாரணத்தில் அது ஏறக்குறைய 12,300. இரண்டு செலவும் சமமானால் மட்டுமே நடு எண்ணான 10,000 சரி. செலவு விகிதத்தை அவர் வாயால் சொல்லவைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது அரசின் முடிவு, புள்ளியியலாளர் எடுக்கும் முடிவு அல்ல.

நஸ்ரின்: 2015-ல் புகலிடம் கேட்டு இவ்வளவு பேர் வருவார்கள் என்று ஸ்வீடனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பு இருந்ததா?

ஓராண்டு முன்பு வாய்ப்பில்லை. சில வாரங்கள் முன்பு இருந்தது. அந்நாட்டுக் குடிவரவு முகமை ஜூலையில் அந்த ஆண்டுக்கு 74,000 புகலிட விண்ணப்பங்கள் என்று கணித்தது. அக்டோபரில் 1,40,000 முதல் 1,90,000 என்று திருத்தியது. ஆண்டு முடிவில் வந்தவை 1,62,877. திருத்திய வரம்பு சரியாகவே இருந்தது, ஆனால் கட்டில் போட அவகாசம் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஆண்டுக் கணிப்பை நம்பி உட்காராமல் வாராந்திர எச்சரிக்கை மணி ஒன்றை வைக்க வேண்டும். வழக்கமான வார வருகை 1,500, விலக்கம் 200 என்போம். ஒவ்வொரு வாரமும் வருகையிலிருந்து 1,600-ஐக் கழித்து (சராசரியுடன் அரை விலக்கம்) மிச்சத்தை முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். சுழியத்துக்குக் கீழே போனால் சுழியமாக்குங்கள். கூட்டுத்தொகை 800-ஐ, அதாவது நான்கு விலக்கத்தைத் தாண்டினால் மணி அடிக்கும். 1,700, 1,900, 2,100 என்று வந்தால் கூட்டுத்தொகை 100, 400, 900. மூன்றாம் வாரமே தெரிந்துவிடும். மணி அடித்தால் யார் எந்தக் கட்டடத்தைத் திறப்பது, பணம் எந்தத் தலைப்பில் என்பது முன்பே கையெழுத்தாகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணி அடித்தும் பயனில்லை.

இன்னொன்று: தங்குமிடத் தேவை வருகையால் மட்டும் கூடுவதில்லை. மாதம் 1,000 பேர் வந்து, முடிவு தெரிய 6 மாதம் ஆனால் 6,000 கட்டில். அதே 1,000 பேருக்கு 9 மாதம் இழுத்தால் 9,000. வருகை அரசின் கையில் முழுதும் இல்லை. கோப்பு நகரும் வேகம் இருக்கிறது. இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

ஸ்வீடனில் மறு ஆண்டு விண்ணப்பங்கள் 29,000-க்கும் கீழே போயின. 2016 ஜனவரி 4 முதல் டென்மார்க்கிலிருந்து வருவோருக்கு அடையாளச் சோதனை, மார்ச்சில் அகதிகள் வரத்தைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு செய்த ஒப்பந்தம். கொள்கை மாறினால் பழைய மாதிரி செல்லாது என்பதற்கு இதுவே போதும்.

ஆனந்த்: கூகுள் தேடலை வைத்துக் கணிக்கலாமா?

ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஓரளவு. விசா பற்றித் தேடுகிறவர் எல்லாம் விமானம் ஏறுவதில்லை. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஜெயா: வருங்காலம் தெரியாது, சரி. கடந்த காலமாவது உறுதியா?

அதுவும் இல்லை. 2023 ஜூன் வரையான ஓராண்டில் பிரிட்டனின் நிகர வருகை 6,72,000 என்று முதலில் வந்தது; ஓராண்டு கழித்து 9,06,000 என்று திருத்தினார்கள். 2004-க்குப் பிந்தைய ஆண்டுகளிலும் இதே சிக்கல்: பயணிகளிடம் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு பெரிய விமான நிலையங்களையே அதிகம் கவனித்தது, மலிவு விமானங்கள் கிழக்கு ஐரோப்பியர்களைக் கொண்டுவந்து இறக்கிய சிறிய நிலையங்கள் விட்டுப்போயின. அதனால் கடைசி ஒன்றிரண்டு ஆண்டுகளின் எண்களுக்கும் ஒரு வரம்பு கொடுத்துவிட்டுத்தான் மாதிரியை ஓட்ட வேண்டும்.

பிரபு, திருப்பூர்: வடமாநிலத் தொழிலாளர் வரத்தை இங்கே கணிக்க என்ன வழி?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-க்குப் பின் கையில் இல்லாததால் ரயில் டிக்கெட்தான் நல்ல தொடக்கம். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, முன்பதிவில்லா டிக்கெட்டுகளை வைத்து, 2011 முதல் 2016 வரை மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சத்துக்கு அருகில் என்று கணித்தது. டிக்கெட் பயணத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. அதனால் உங்கள் நிலையத்தில் இறங்கியவர்களிலிருந்து ஏறியவர்களைக் கழித்து மாத மிச்சத்தைப் பாருங்கள். கூடவே வெளிமாநில ரேஷன் அட்டைக்கு இங்கே வாங்கிய பொருள் கணக்கையும் வையுங்கள்.

தேதியை வைத்து ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள். பண்டிகையை வைத்து ஒப்பிடுங்கள். ஹோலி 2022-ல் மார்ச் 18, 2023-ல் மார்ச் 8, 2024-ல் மார்ச் 25. 2023-ல் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியதும் அதே ஹோலி நேரத்தில்தான். ஊருக்குக் கிளம்பியவர் பயந்து போகிறாரா, பண்டிகைக்குப் போகிறாரா என்று ரயில் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஹோலிக்கு முந்தைய பத்து நாள், பிந்தைய முப்பது நாள் என்று வரிசைப்படுத்தி, திரும்பி வந்தோர் பங்கு முந்தைய ஆண்டுகளை விடக் குறைந்ததா என்று பாருங்கள். அதுதான் பதில் தரும்.

லீலா: போர் மூண்டால் எந்த மாதிரியும் உதவாதுதானே?

எப்போது மூளும் என்று எந்த மாதிரியும் சொல்லாது. மூண்டபின் உதவும். 2022 பிப்ரவரி 24-ல் உக்ரைன் மீது படையெடுப்பு, ஐ.நா. அகதிகள் முகமை தொடக்கத்தில் 40 லட்சம் பேர் வெளியேறக்கூடும் என்று திட்டமிட்டது; ஐந்தே வாரத்தில் அந்த எண்ணிக்கை வந்துவிட்டது. இத்தகைய நேரத்தில் நிகழ்தகவு ஒட்டாமல் மூன்று காட்சிகள் எழுதுங்கள்: எல்லை திறந்திருந்தால், ஒரு பாதை அடைபட்டால், தலைநகர் முற்றுகையானால். ஒவ்வொன்றுக்கும் தேவையான போர்வை, பேருந்து, பள்ளி இடம் எவ்வளவு என்று கணக்கிட்டு, மூன்றிலும் தேவைப்படும் பொருளை முதல் நாளே வாங்குங்கள்.