பழைய காரின் டாஷ்போர்டு வெளிறி விரிசல் விட்டிருக்கிறது, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். நீங்கள் கேட்டிருப்பது வெனீர் (மெல்லியதாகச் சீவிய மரத்தாள்) ஒட்டிய மர டாஷ்போர்டு. பளபளப்பு போயிருக்கிறது, மெல்லிய விரிசல்கள் பின்னிப் படர்ந்திருக்கின்றன, அங்கங்கே வெள்ளை பூத்திருக்கிறது, ஓரத்தில் வெனீர் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேல்பக்க வினைல் மெத்தையும் வெடித்திருக்கிறதாம். முதலில் மரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் அவசரப்பட்டுக் கெடுத்துவிட வாய்ப்பு அதிகம்.

இப்படிப்பட்ட டாஷ்போர்டுகளில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது மரம் இல்லை, மரத்தின் மேல் இருக்கும் பூச்சு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வருஷக்கணக்கில் அந்தப் பூச்சை, அதாவது லாக்கரை, தாக்கி அதை முறுகலாக்கிவிடும். அடியில் இருக்கும் மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். முறுகிப்போன லாக்கரால் அதோடு சேர்ந்து அசைய முடியாது, வெடிக்கும். வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போகும், லாக்கர் மரத்தை விட்டுப் பிரியும். அந்த இடைவெளியில் காற்று புகுந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சை எடுத்துவிட்டால் கீழே இருக்கும் வெனீர் அநேகமாக நல்ல நிலையில் இருக்கும். ஆகவே புது வெனீர் வாங்கி ஒட்டும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1959 முதல் 1967 வரை வந்த ஜாகுவார் மார்க் 2 மாதிரியான கார்களில், வால்நட் மரத்தில் முண்டு முண்டாகப் புடைத்த பகுதியைச் சீவி எடுத்த வெனீரைத்தான் ஒட்டினார்கள். அடுத்தடுத்துச் சீவிய தாள்களைப் புத்தகம் விரிப்பது போல விரித்து ஒட்டினால், இடப்பக்க வடிவம் வலப்பக்கத்தில் அப்படியே எதிரொளிக்கும். ஒரு பலகையை மட்டும் மாற்றினால் அந்த ஜோடி உடைந்துவிடும். அந்த மரத்தின் தாள் இன்னொன்று கிடைப்பது மிக அரிது. உங்கள் காரில் இருப்பது சாதாரண நேர்வரி வெனீராக இருந்தாலும், முதலில் ஒட்டியதைக் காப்பாற்றுவதுதான் சரி என்பது என் கருத்து.

கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களைத் தனித்தனிப் பையில், எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று எழுதிப் போடுங்கள். பின்னாலிருந்து ஏற்றும் ஸ்க்ரூ இரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலே வெனீரின் முகப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மிகப் பழைய கார் என்றால் மீட்டர் முகப்பில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருக்கலாம். ஒளிர்வது நின்றுபோனாலும் கதிர்வீச்சு நிற்காது. அதனால் மீட்டரைத் திறக்கவோ முள்ளையும் எண்களையும் சுரண்டவோ வேண்டாம்.

மீட்டர் வளையங்களை எடுத்ததும் ஓட்டைகளைச் சுற்றிப் பாருங்கள். வளையத்தின் அடியில் வெயில் படாத ஒரு மெல்லிய வட்டம் இருக்கும். மரத்தின் உண்மையான நிறம், பூச்சின் உண்மையான பளபளப்பு இரண்டும் அங்கே அப்படியே இருக்கும். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எந்த நிறத்துக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்புறம் என்ன பூச்சு என்று கண்டுபிடிக்க வேண்டும். மறைவான மூலையில் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு). அதற்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். ஷெல்லாக்கும் நைட்ரோசெல்லுலோஸும் சுலபம், அதனதன் கரைப்பானில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தே எடுத்துவிடலாம். பாலியெஸ்டர்தான் கனமாக, இறுகிப்போய் இருக்கும். ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தால் லாக்கர் இளகிப் பாளம் பாளமாகப் பெயரும். முனைகளை அரத்தால் மழுக்கிய அகலமான ஸ்க்ரேப்பரைப் படுக்கை வாட்டில் பிடித்துத் தள்ளுங்கள். சூடு அதிகமானால் அடியில் இருக்கும் பசையும் இளகிவிடும், அதனால் வேகம் வேண்டாம். பெயின்ட் ரிமூவர் வாங்குவதென்றால் மெத்திலீன் குளோரைடு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அதன் ஆவி, மூடிய அறையில் வேலை செய்தவர்களின் உயிரையே வாங்கியிருக்கிறது.

உப்புத்தாளால் தேய்த்தே லாக்கரை எடுத்துவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வெனீரின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சாண்டர் மெஷின் வைத்தால் ஓரங்களில் ஒரு நொடியில் வெனீர் தேய்ந்து கீழே உள்ள பிளைவுட் எட்டிப் பார்க்கும், அதற்குப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. லாக்கர் முழுக்கப் போன பிறகு கையால், கார்க் கட்டையில் சுற்றிய 240, அடுத்து 320 நம்பர் தாள் போதும். நேர்வரி மரமென்றால் வரியோடு தேய்க்கவும். முண்டு வெனீரில் வரி எல்லாத் திசையிலும் ஓடும், அங்கே லேசான வட்டங்களாகத் தேய்க்கலாம்.

ஓரத்தில் தூக்கிக்கொண்டிருப்பதை இந்தக் கட்டத்தில் ஒட்டிவிடுங்கள். பழைய டாஷ்போர்டுகளில் தச்சர்களின் வஜ்ஜிரப் பசை இருக்க வாய்ப்புண்டு. அது சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகும். ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்து, உடனே கட்டை வைத்து கிளாம்ப் போட்டால் பழைய பசையே மீண்டும் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் சிரிஞ்சால் மரவேலைக்கான வெள்ளைப் பசையை உள்ளே செலுத்தி, மேலே பாலித்தீன் தாளைப் போட்டு அழுத்துங்கள். பசையோடு கட்டையும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தத் தாள். எங்காவது துண்டு போயிருந்தால் ஒட்டுப்போடும் துண்டை நேர்க்கோட்டில் வெட்டாமல் மரத்தின் வடிவத்தை ஒட்டி வளைத்து வெட்டுங்கள். நேரான கோடு எந்தப் பூச்சுக்கு அடியிலும் கண்ணில் குத்தும்.

தண்ணீர் இறங்கிக் கறுத்த இடங்கள் இருந்தால், அது பெரும்பாலும் இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்து உண்டான கறை. ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். பிறகு நன்றாகத் துடைத்தெடுங்கள், ஆனால் பலகையை ஊற விடாதீர்கள். ஆக்ஸாலிக் அமிலம் விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த தூளை மூச்சில் இழுக்க வேண்டாம்.

இப்போது பலகை முழுக்க ஸ்பிரிட்டால் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இது. அத்தனை நாள் மஞ்சள் லாக்கருக்குள் மூடிக்கிடந்த மரத்தின் சுழிகளும் ஆழமும் ஒரேயடியாக வெளியே வரும். பூச்சுக்குப் பிறகு நிறம் ஏறத்தாழ எப்படி இருக்கும் என்பதும் அப்போதே தெரியும். மீட்டர் வளையத்தின் அடியில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். வெளிறித்தான் இருக்கிறது என்றால் மட்டும் மரச்சாயத்தை மிக நீர்த்துத் தடவுங்கள்.

பூச்சுக்கு, வீட்டில் செய்பவருக்கு நான் சொல்வது படகுகளுக்குப் பூசும் வார்னிஷ். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அதில் கலந்திருக்கும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முதல் கோட்டை அதற்கான தின்னரில் பாதிக்குப் பாதி நீர்த்துப் பூசினால் மரம் குடித்துக்கொள்ளும். பிறகு ஆறேழு மெல்லிய கோட், நடுவே ஒவ்வொன்றும் காய்ந்த பின் 400 நம்பர் தாளால் லேசான தேய்ப்பு. இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் இதைவிடக் கடினமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா நிரந்தரமாக வரலாம். வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி உள்ள பட்டறைக்கு அதை விட்டுவிடுங்கள்.

பலரும் விட்டுவிடும் ஒன்று பலகையின் பின்பக்கம். முகப்பை மட்டும் அடைத்துவிட்டுப் பின்பக்கத்தைத் திறந்து விட்டால் ஈரம் அங்கே மட்டும் ஏறி இறங்கும், பலகை நாளடைவில் வளையும், புதுப் பூச்சும் வெடிக்கும். பின்பக்கம், ஓரங்கள், ஓட்டைகளின் உள்விளிம்பு எல்லாவற்றுக்கும் இரண்டு கோட்டாவது கொடுங்கள். மூன்று நான்கு வாரம் நன்றாக இறுக விட்டு, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, மெருகேற்றும் காம்பவுண்டு போட்டால் பளபளப்பு ஏறும். எவ்வளவு ஏற்றுவது என்பதற்கும் அந்த மீட்டர் வளையத்துப் படமே பதில். மங்கலாக இருந்த டாஷ்போர்டை முகம் தெரியும் அளவுக்கு மினுக்கினால் அந்தக் காருக்கு அது ஒட்டவே ஒட்டாது.

வினைல் மெத்தைக்கு வருவோம். வினைலை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் சூட்டில் மெல்ல ஆவியாகிப் போகும். கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமாகப் படிவது பெரும்பாலும் அதுதான். போனது போனதுதான், எந்த பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. சிலிக்கான் கலந்த பளபளப்புத் திரவங்கள் அடுத்து பூசும் எதையும் ஒட்டவிடாது, அவற்றைத் தவிர்க்கவும். ஒன்றிரண்டு சிறிய வெடிப்பு என்றால், வாயை வி வடிவில் கீறி, வளையும் தன்மையுள்ள ஃபில்லரால் நிரப்பி, நல்ல பகுதியிலிருந்து சிலிக்கான் அச்சு எடுத்து மேற்பரப்பின் சொரசொரப்பைப் பதித்து, வினைல் டையை மெல்லிய கோட்களாக அடிக்கலாம். மங்கல் நிறம்தான் வேண்டும், பளபளத்தால் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டும்போது கண்ணை மறைக்கும். நீளமாக, பல இடங்களில் வெடித்திருந்தால் ஃபில்லர் நிற்காது, புதுத் தோல் போர்த்தித் தரும் இடத்துக்கு அனுப்புவதே நல்லது.

மினுமினுக்கும் ஓரப்பட்டைகள் எதனால் ஆனவை என்று தெரியாமல் தேய்க்காதீர்கள். குரோம் பூசிய உலோகம் மென்மையான பாலிஷைத் தாங்கும். ஆனோடைஸ் செய்த அலுமினியத்தில் காரத்தன்மையுள்ள கிளீனர் பட்டால் மேல்படலம் அரித்து வெள்ளையாகிவிடும். பிளாஸ்டிக் மேல் அலுமினிய ஆவி படியவைத்த பட்டைகள் விரலால் அழுத்தித் துடைத்தாலே போய்விடும், அவற்றுக்கு ஈரத் துணியோடு சரி.

திரும்பப் பொருத்தும்போது மீட்டர் ஓட்டைகள் வார்னிஷ் கனத்தால் கொஞ்சம் இறுகியிருக்கும். மீட்டரைத் தள்ளி ஏற்றாமல், தாளைச் சுருட்டி உள்விளிம்பை லேசாகத் தேய்த்து, தேய்த்த இடத்தில் மறுபடி ஒரு கோட் தடவிக் காயவிட்டு ஏற்றுங்கள். பலகையை இறுக்குவதற்கு முன் பேட்டரியை இணைத்து எல்லா விளக்கும் எரிகிறதா, ஒவ்வொரு மீட்டரும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூக்களை எல்லாம் பாதி ஏற்றிவிட்டு, கையுறைப் பெட்டிக் கதவின் இடைவெளி நாலு பக்கமும் சமமாக வந்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.