பரிந்துரைக்கும் முன் படித்தார்களா?

கேள்வி: ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களிடம் நூல் பரிந்துரை கேட்டு இலக்கியப் பரிசு தந்தால், நல்ல நூல் மேலே வருமா? துறையில் தெரிந்தவர் நூலைத்தான் எழுதி அனுப்புவார்கள் என்கிறார்கள் என் தோழிகள்.
– ஆய்வு மாணவி, திருவாரூர்

பதில்: வரும் அம்மா, படித்தவர்கள் பரிந்துரைத்தால். உங்கள் தோழிகளின் சந்தேகம் நியாயமானது. நானே அந்தத் தவறில் கையெழுத்துப் போட்டவன். டெல்டாவில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலம். பரிந்துரை கேட்ட கடிதம், கடைசித் தேதிக்கு முதல் நாள்தான் துறைக்கு வந்தது. மேசைமேல் ஏழெட்டு நூல்கள். அதில் ஒரு கட்டுக்குச் சணல்கூட அவிழ்க்கவில்லை. தெரிந்த பெயராக ஒன்றை எடுத்தோம், சாயங்கால பஸ்ஸுக்கு முன் ஐந்து பேரும் கையெழுத்திட்டோம். அந்த நூலை நான் படித்தது அடுத்த கோடை விடுமுறையில். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அன்றைக்கு நூலகம் வரை நடந்திருக்கலாம். அங்கே ஒரு நாவல் இருந்தது. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் முக்கால்வாசி ஊதா முத்திரை. தண்ணீர் வராமல் குறுவை கருகும் பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘எங்க ஊர்லயும்’ என்று எழுதியிருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாதுதான். ஆனால் அதைவிட நல்ல பரிந்துரைக் கடிதத்தை நான் பார்த்ததில்லை.

பிரான்சில் நாவலுக்குத் தரும் பெரிய பரிசான கோன்கூர் பரிசுக்கான பட்டியலில் வரும் நாவல்களைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய 2,000 பேர் படித்து, வகுப்பில் விவாதித்து, தாங்களே தனியாக ஒரு பரிசு தருகிறார்கள். 1988 முதல் நடக்கிறது. அயர்லாந்தின் டப்ளின் இலக்கியப் பரிசுக்குப் பல நாட்டு நூலகங்கள் பெயர் அனுப்புகின்றன. வென்றது மொழிபெயர்ப்பு என்றால் 1,00,000 யூரோவில் 25,000 மொழிபெயர்ப்பாளருக்கு. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் பக்கம் பாருங்கள். பதினாறு வயதில் மணிக்கொடி இலக்கிய இதழில் எழுதத் தொடங்கிய கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராமுக்குச் சாகித்ய அகாதமி பரிசு வந்தது 1993இல், 73 வயதில். சுற்றியிருந்த கல்லூரிகள் அவருக்காக இன்னும் முன்பே, இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆடியிலேயே தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு நூல், படித்ததும் ஒரு பக்கம் எழுதித் துறைத்தலைவரிடம் கொடுங்கள். பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் எதிரே நிற்கும்போது, தெரிந்தவர் பெயரை எழுத யாருக்கும் அவ்வளவு எளிதில் கை வராது. முதலில் எந்த நூலை எடுத்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள், நானும் கூடவே படிக்கிறேன்.