பி.எஸ்.ஏ. பாதியானால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 66. புராஸ்டேட் வீக்கத்துக்கு டூட்டாஸ்டெரைடு 0.5 மி.கி., டாம்சுலோசின் 0.4 மி.கி. சேர்ந்த கேப்ஸ்யூலை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமா என்று பார்க்க உதவும் ரத்தப் பரிசோதனை அளவு) 4.2-லிருந்து 2.3 ஆகிவிட்டது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. புராஸ்டேட் சுரப்பியை வளர வைப்பது இந்த டி.எச்.டி.தான். டூட்டாஸ்டெரைடு அந்த மாற்றத்தைத் தடுப்பதால் சுரப்பி மெல்லச் சுருங்கும். பலன் தெரியவே ஆறு மாதம் ஆகலாம். நிறுத்தினால் மறுபடி வளரும். ஆரம்ப நாட்களிலேயே சிறுநீர் தாராளமாகப் போயிருந்தால், அது டாம்சுலோசினின் வேலை.

பி.எஸ்.ஏ. விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டூட்டாஸ்டெரைடே அந்த அளவை ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதியாக்கிவிடும். அதனால் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: உங்களுடையது 4.6. அதாவது, உண்மையில் குறையவே இல்லை. லேப் தாளில் ‘4-க்குள் நார்மல்’ என்று இருப்பதை நம்பி இருந்துவிடாமல், பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக அறுவை நிபுணரைப் பாருங்கள். மருந்து சாப்பிடும்போதே பி.எஸ்.ஏ. ஏறினால், சிறிதளவு என்றாலும் காரணம் தேடியே ஆக வேண்டும்.

கேப்ஸ்யூலைப் பிரிக்காமல் முழுதாக விழுங்குங்கள். கசிந்த கேப்ஸ்யூலைக் கர்ப்பமான மகளோ மருமகளோ தொடக்கூடாது. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை ரத்ததானம் கூடாது. ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள், டாம்சுலோசின் தலைசுற்ற வைக்கும். கண்புரை ஆபரேஷன் என்றால் இந்த மருந்தைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.